ஒரே நம்பர், இரண்டு ரசீது

அன்பு மகள் எஸ்தருக்கு,

பெரியப்பா எழுதுகிறேன். நீ வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்த நீளமான செய்தியைப் பக்கத்து வீட்டுப் பையன் எழுத்தைப் பெரிதாக்கிக் காட்டினான். அவனை அனுப்பிவிட்டு, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மூன்று தடவை படித்தேன். பதிலை அதிலேயே தட்டி அனுப்ப எனக்கு வரவில்லை. முப்பத்தெட்டு வருஷம் அச்சகத்தில் கேஸ் முன்னால் நின்று அச்செழுத்துப் பொறுக்கினவருக்கு இது ஒரு வேலையா என்று நீ கேலி செய்வாய். அந்த எழுத்து கைக்குத் தட்டுப்படும். இது தட்டுப்படவில்லை. அதனால் தாளில் எழுதித் தபாலில் சேர்க்கிறேன்.

லெந்து நாட்களில் உங்கள் சபையில் வாலிபர் முகாம் நடந்ததையும், பேச வந்த சகோதரர் சினிமாவில் சம்பளம் வாங்குகிறவர்கள் பார்வோனுக்குச் செங்கல் அறுக்கிறவர்கள் என்று சொன்னதையும் எழுதியிருந்தாய். வெளியே வர விரும்புகிறவர்கள் முன்னால் வாருங்கள் என்று அழைத்தாராம். நீ போகவில்லை. அன்றிலிருந்து தூக்கமும் இல்லை. வேலையை விட்டுவிட்டு முழுநேர ஊழியத்துக்கு வந்துவிடவா என்று கேட்கிறாய்.

அந்தச் சகோதரர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அழைப்பு என்று ஒன்று உண்டு என்று நம்புகிறவன் நான். எங்கள் சித்தப்பா உபதேசியாராக இருந்து, ஓட்டை சைக்கிளில் ஊர் ஊராய்ப் போய், கடைசியில் அந்தச் சைக்கிளைத் தவிர ஒன்றும் வைக்காமல் போனவர். அவர் எதற்கும் பயந்து அந்த வேலைக்குப் போகவில்லை. பயந்து ஓடுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். அவர்கள் போன இடத்திலும் அந்தப் பயத்தைத்தான் பிரசங்கம் பண்ணினார்கள்.

நீ வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஃபோலி என்றால் என்ன என்று எனக்கு ஒரு மணி நேரம் விளக்கினாய், நினைவிருக்கிறதா? படப்பிடிப்பில் பேச்சுதான் ஒழுங்காகப் பதிவாகும். காலடி, சேலைச் சரசரப்பு, டம்ளரை வைக்கிற சத்தம் எல்லாம் பிறகு இருட்டறையில் ஒரு ஆள் திரையைப் பார்த்துக்கொண்டே செய்து சேர்ப்பது என்றாய். ஃபோலி என்பது அமெரிக்காவில் பேசும்படம் வந்த காலத்தில் அந்த வேலையைப் பார்த்த ஒருவருடைய பேர் என்றும், அவர் காலத்தில் திரையில் அவர் பேரே போட்டதில்லை என்றும் சொன்னாய். 'சரியாச் செஞ்சா யாருக்கும் தெரியாது பெரியப்பா, தப்பாச் செஞ்சா எல்லாருக்கும் தெரியும்' என்று நீ சொன்னதும் நான் சிரித்துவிட்டேன். அது எங்கள் கம்போசிட்டர் பிழைப்பு. ஒரு புத்தகத்தில் மூன்று லட்சம் எழுத்தைச் சரியாக வைத்தவனை யாரும் கேட்கமாட்டார்கள். ஒரு கால் எழுத்து விட்டுப்போனால் ஊரே அவனைத் தேடும்.

பாளையங்கோட்டையில் நான் வேலை பார்த்த அச்சகத்தில் காலையில் ஞானப்பாட்டுத் துண்டுத்தாள், மத்தியானம் கல்யாணப் பத்திரிகை, சாயங்காலம் சினிமா நோட்டீஸ். அடித்து முடிந்ததும் எழுத்துகளை மண்ணெண்ணெயில் கழுவி, பிரித்து, அதன் அதன் அறையில் போட்டுவிடுவோம். காலையில் 'இயேசு' என்பதில் நின்ற அதே 'இ' சாயங்காலம் 'இன்று முதல்' என்பதில் நிற்கும். எழுத்து கோபித்துக்கொண்டதாக எனக்குத் தெரியவில்லை.

தமிழில் வேதாகமம் அச்சான கதையே அப்படித்தான். 1706-ல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு 1715-ல் புதிய ஏற்பாட்டை முழுதாக அச்சிட்டு முடித்தார். ஜெர்மனியில் வார்த்து அனுப்பின தமிழ் எழுத்து அளவில் பெரிது, தாளை விழுங்கியது. சின்ன எழுத்து வார்க்க ஈயம் வேண்டும். இங்கிலாந்திலிருந்து வந்த பாலாடைக்கட்டிப் பெட்டிகளின் ஈயத் தகட்டை உருக்கி வார்த்தார்கள் என்று மிஷன் சரித்திரம் எழுதினவர்கள் சொல்கிறார்கள். சுவிசேஷம் நம் பாஷைக்கு வந்தது தின்று தீர்த்த பாலாடைக்கட்டியின் மிச்சத்தில்தான். இதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் மனசு லேசாகிவிடும்.

நான் செய்த ஒரு கூத்தையும் சொல்லிவிடுகிறேன். ஒரு கோடைகாலக் கன்வென்ஷனுக்கு நோட்டீஸ் அவசரமாகக் கேட்டார்கள். நேரத்தை மிச்சம் பிடிக்க, முந்தின நாள் அடித்த சினிமா நோட்டீஸுக்குக் கோத்த ஃபாரத்தையே வைத்துக்கொண்டு மேல்வரிகளை மட்டும் மாற்றினேன். அடிவரியைக் கவனிக்கவில்லை. ஆயிரம் நோட்டீஸ் ஊரெல்லாம் போய்விட்டது. பிரசங்கியார் பேருக்குக் கீழே, பூப்போட்ட பார்டருக்குள்ளே, 'தினசரி 4 காட்சிகள்'. நடுங்கிக்கொண்டு எங்கள் சேகரத்துப் போதகர் ஐயர் முன்னால் போய் நின்றேன். அவர் நோட்டீஸைத் தூரத்தில் பிடித்துப் பார்த்தார். 'கணக்கு சரிதானே தம்பி. காலையில் ரெண்டு, சாயங்காலம் ரெண்டு' என்றார்.

இந்தக் கதையை எல்லாரிடமும் சொல்லியிருக்கிறேன். அடுத்ததை உன் பெரியம்மாவைத் தவிர யாரிடமும் சொன்னதில்லை.

ஒரு தர்ம ஸ்தாபனத்தின் ஆள் ஒரு சனிக்கிழமை ராத்திரி, மற்றவர்கள் வீட்டுக்குப் போன பிறகு அச்சகத்துக்கு வந்தார். வேலையைச் சொல்லுமுன் கண்ணை மூடி ஜெபம் பண்ணினார். நூறு ரசீதுப் புத்தகம் வேண்டும். அதே எண் வரிசையில் இன்னொரு நூறும் வேண்டும். எதற்கு என்று முதலாளி கேட்கவில்லை. முதலாளி என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். பள்ளிக்கூடம் திறக்கிற சமயம். மூத்தவளுக்குக் கட்ட வேண்டிய பணத்துக்கு முதலாளியிடம்தான் கடன் சொல்லியிருந்தேன். முதல் நூறு முடிந்ததும் நம்பரிங் மெஷினை மறுபடி 0001-க்குத் திருப்பி வைத்தது இந்தக் கைதான்.

அந்த ரசீது எங்கள் தெருவுக்கும் வந்தது. பின்வீட்டில் ஒரு கிழவி இருந்தாள். உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைத் தனிப் பானையில் போட்டுச் சேர்க்கிற பழக்கம் உனக்குத் தெரியும், உன் ஆச்சியும் சேர்த்தாள். ஊழியத்துக்கென்று சேர்க்கிற அரிசி அது. இந்தக் கிழவி சேர்த்த அரிசியை விற்றுக் காசாக்கிக் கொடுத்திருந்தாள். அந்த ரசீதை வேதப்புத்தகத்துக்குள் வைத்திருந்து என்னிடம் காட்டினாள். 'நீ அடிச்சதாமே, எவ்வளவு அழகா இருக்கு' என்றாள். அது முதல் செட்டா, இரண்டாவது செட்டா, எனக்குத் தெரியாது. நான் அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை. அவள் அடக்கத்துக்கும் போனேன்.

சினிமா நோட்டீஸ் அடித்ததற்காக நான் ஒருநாளும் அழுது ஜெபித்ததில்லை. இந்த ரசீதுக்காக வருஷக்கணக்காய் முழங்காலில் நின்றிருக்கிறேன். சினிமா தியேட்டர் மானேஜர் வெற்றிலை போட்ட வாயோடு வருவார், கெட்ட வார்த்தை பேசுவார், சொன்ன தேதிக்குப் பணம் கொடுத்துவிடுவார். பாவம் எங்கள் அச்சகத்துக்குள் ஜெபம் பண்ணிக்கொண்டு வந்தது.

இப்போது உன் செய்திக்கு வருகிறேன். சினிமா சரியா தப்பா என்பதைப் பற்றி நீ இரண்டு பக்கம் வருகிற மாதிரி எழுதியிருக்கிறாய். நடுவில், போகிற போக்கில், ஒரு விஷயம். உனக்கு உதவியாக விளாத்திகுளம் பக்கத்துப் பையன் ஒருவன் இருக்கிறான். செருப்புப் பெட்டியும் மணல் தட்டும் தூக்குகிறவன். இப்போது பாதிக் காலடி அவன்தான் நடக்கிறான். அஞ்சு மாசமாய் அவனுக்குச் சம்பளம் இல்லை. 'கத்துக்கிறான்ல' என்கிறார்கள். மாசக் கடைசியில் யார் எத்தனை ஷிப்ட் என்று கணக்கு எழுதி அனுப்புவது நீ. அவன் பேரை அதில் எழுத வேண்டாம் என்று உனக்குச் சொல்லியிருக்கிறார்கள். இதை எழுதிவிட்டு 'பாவம்' என்று ஒரு சொல் போட்டு, திரும்பவும் சகோதரர் என்ன சொன்னார் என்பதற்குப் போய்விட்டாய்.

மகளே, உன் தூக்கம் போனது சகோதரரால்தானா?

ஊழியம் என்ற வார்த்தையை எத்தனை பக்தியாய்ச் சொல்கிறோம். நம் ஊருக்கு அந்தப் பக்கம், திருவிதாங்கூரில், இரண்டு நூற்றாண்டுக்கு முன்னால் அதே வார்த்தைக்கு வேறே அர்த்தம். நாடார்களையும் அவர்களைப்போல ஒடுக்கப்பட்ட சாதிக்காரர்களையும் கூலி கொடுக்காமல் அரசாங்கத்துக்கு வேலை வாங்குவதற்குப் பேர் ஊழியம். சுமை தூக்கு, வழி வெட்டு, ஓலை கொண்டுவா, கூலி கேட்காதே. அதை எதிர்த்து மிஷனெரிமார் மனுமேல் மனு எழுதினார்கள். ஒரே வார்த்தைக்குள் கடவுள் வேலையும் கூலியில்லா வேலையும் சேர்ந்தே கிடக்கிறது. நீ முழுநேர ஊழியத்துக்குப் போகலாமா என்று யோசிக்கிறாய். அந்தப் பையன் அஞ்சு மாசமாய் அதில்தான் இருக்கிறான்.

கூலிக்காரனுடைய கூலியைப் பொழுது சாயுமுன்னே கொடுத்துவிடச் சொல்கிறது உபாகமம். ஏழை அதை நம்பித்தான் இருக்கிறான் என்று காரணமும் சொல்கிறது. யாக்கோபு தன் நிருபத்தின் கடைசி அதிகாரத்தில் இன்னும் ஒரு படி போகிறார். பிடித்துவைத்த கூலி தானே வாயைத் திறந்து கத்தும் என்கிறார். நீ சத்தத்தில் பிழைக்கிறவள். உனக்குக் கேட்காமல் இருக்காது.

என்ன செய்வது என்று கேட்பாய். அடுத்த மாசக் கணக்கில் அவன் பேரையும் ஷிப்டையும் எழுது. பேரை அடித்துவிட்டால் அதற்கடுத்த மாசமும் எழுது. சொல்ல வேண்டியதை உன் முதலாளியிடம் நேரில், தனியாகச் சொல். குரூப்பில் போடாதே, அது அவரைத் திருத்தாது, உனக்கு லைக் வாங்கித் தரும். இப்போதிருந்தே மூன்று மாச வாடகையை ஒதுக்கி வை, ஏனென்றால் வேலை போனாலும் போகலாம். போனால் இங்கே வா. மாடி அறை காலியாகத்தான் இருக்கிறது, வவ்வால் மட்டும் கொஞ்சம் தொந்தரவு. ஆனால் நீயாகக் கோபத்தில் எழுதிக்கொடுத்துவிட்டு, அதை மேடையேறிச் சாட்சியாகச் சொல்லாதே. நீ போனபிறகு அந்தப் பையன் அங்கேதான் இருப்பான். இதையெல்லாம் உன் வயதில் செய்யாதவன் சொல்கிறேன் என்பதையும் மறக்காதே.

சினிமாவைப் பற்றியும் கேட்டிருக்கிறாய். அதை ஒதுக்கிவிட்டுப் போகவில்லை. எங்கள் அப்பா எங்களைத் தியேட்டர் இருக்கிற தெரு வழியாகவே போக விடமாட்டார். அவருக்குக் கையில் கிடைத்த அளவுகோல் அது. எனக்கு அந்த அளவுகோல் உதவவில்லை. குறவஞ்சி என்பது அரண்மனையிலும் கோயிலிலும் ஆடின நாடகம். அதைத் தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியார் எடுத்துப் பெத்தலகேம் குறவஞ்சி பாடினார். மாயூரம் வேதநாயகம் பிள்ளை முன்சீபாக இருந்தவர். 1879-ல் பிரதாப முதலியார் சரித்திரம் வெளியிட்டார், தமிழின் முதல் நாவல் என்று அதைச் சொல்கிறார்கள். சிரிப்பும் கதையுமாய் ஓடுகிற புத்தகம். அந்தக் காலத்துச் சினிமா என்று வைத்துக்கொள். ஒரு கிறிஸ்தவனுக்கு இது ஏன் என்று அவர் காலத்திலும் யாராவது கேட்டிருப்பார்கள்.

ஆனால் சாஸ்திரியார் பாட்டை நாம் இன்றும் பாடுகிறோம் என்பதற்காக இன்னொன்றை மறைக்கக்கூடாது. சபையில் சாதிக்காரர் தனியாக உட்காருவதை மிஷனெரிமார் மாற்றப் பார்த்தபோது, அது கூடாது என்று எழுதி வாதாடினவரும் அவர்தான். வடக்கன்குளம் கோயிலை நீ பார்த்திருக்கிறாய். 1872-ல் கட்டினது, சாதிக்கு ஒரு பக்கமாக இரண்டு கை, இரண்டும் பீடத்தில் வந்து சேரும். 1910-ல் கௌசானல் அடிகள் நடுவில் இருந்த தடுப்பை எடுத்தார். எடுத்ததற்கு நம் ஆட்கள் கோர்ட்டுக்குப் போனார்கள், தோற்றார்கள். தடுப்பு இல்லாத சபைகளில் கல்யாணப் பேச்சு எடுத்துப் பார், தடுப்பு எங்கே இருக்கிறது என்று தெரியும். 2018-ல் மாரி செல்வராஜ் எடுத்த பரியேறும் பெருமாளை உன் அண்ணன் எனக்கு லேப்டாப்பில் போட்டுக் காட்டினான். திருநெல்வேலி சட்டக் கல்லூரிக் கதை. கடைசியில் இரண்டு டீ கிளாஸ் வருகிறதே, அதைப் பார்த்துவிட்டு நான் ராத்திரி சாப்பிடவில்லை. ஐம்பது வருஷம் ஞாயிறு தவறாமல் ஆராதனைக்குப் போனவன் நான். எங்கள் பிரசங்கபீடத்திலிருந்து அதை யாரும் அவ்வளவு நேராகச் சொல்லி நான் கேட்டதில்லை.

எல்லாப் படமும் அப்படி இல்லை என்பது உனக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். கதாநாயகன் கதாநாயகியின் கன்னத்தில் அறைவான், தியேட்டரில் விசில் பறக்கும். அந்த அறையின் சத்தம் உன் கையிலிருந்து போவது. காட்சியை வெட்டச் சொல்ல உனக்கு அதிகாரம் இல்லை. சத்தத்தின் மேல் கொஞ்சம் அதிகாரம் இருக்கிறது. வலிக்கிற சத்தமாகச் செய். விசில் வாங்குகிற சத்தமாகச் செய்யாதே. டைரக்டர் மாற்றச் சொன்னால், ஏன் என்று ஒருதரம் கேள். அதற்குமேல் முடியாத வேலை என்று ஒன்று வரும். அது எது என்று நான் இங்கிருந்து பட்டியல் போட்டுத் தரமுடியாது. வந்தால் உனக்குத் தெரியும், எனக்கு அந்தச் சனிக்கிழமை ராத்திரி தெரிந்த மாதிரி.

யாத்திராகமத்தில் ஆசரிப்புக்கூடார வேலைக்குப் பெசலெயேல் என்று ஒருவனைக் கூப்பிடுகிறார் கடவுள். தேவ ஆவியால் நிரப்பப்பட்டவன் என்று வேதாகமத்தில் பேர் சொல்லி முதலில் குறிக்கப்படுகிறவன் அவன்தான். பொன், வெள்ளி, வெண்கலம், மரம், கல் எல்லாவற்றிலும் கை பழகினவன். பிரசங்கம் பண்ணினதாக ஒரு வரியும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை பற்றிச் சுருக்கமாக: வெள்ளிக்கிழமை ரிலீஸ் என்றால் முந்தின ஞாயிறு உனக்கு வேலை என்பது புரிகிறது. அப்படிப்பட்ட வாரத்தில் வேறொரு நாளை எடுத்துக்கொண்டு போனை அணைத்துப் போடு. ஆனால் வருஷம் முழுக்க எல்லா வாரமும் அப்படிப்பட்ட வாரம் என்றால், அது ரிலீஸ் இல்லை, அடிமைத்தனம். உங்கள் சபையின் லைட்டும் டிரம்ஸும் எனக்குத் தாங்கவில்லை என்று போன தடவை சொன்னேன். அது என் காது. அதை உபதேசமாக எடுத்துக்கொள்ளாதே.

உனக்கு எஸ்தர் என்று பேர் வைத்தது உன் தாத்தா. ஓய்வுநாள் பள்ளிப் பாடத்துக்காக அந்தக் கதையை அச்சுக்கோத்தபோது ஒன்றைக் கவனித்தேன். வேத புஸ்தகமாயிற்றே என்று 'கர்த்தர்' என்ற வார்த்தையை முன்கூட்டியே நாலைந்து கோத்து வைத்திருந்தேன், வேலை ஓடும் என்று. ஒன்றுகூடத் தேவைப்படவில்லை. சரிபார்க்க வேதப்புத்தகத்தை எடுத்து எஸ்தர் முழுதையும் படித்தேன். பத்து அதிகாரத்திலும் கடவுள் பேர் இல்லை. அரண்மனை, விருந்து, மது, முத்திரை மோதிரம், கடிதங்கள், ஒரு பெண் கேட்கக்கூடாத நேரத்தில் உள்ளே போய் மற்றவர்களுக்காகக் கேட்டது. கோத்ததை எல்லாம் பிரித்துக் கேஸில் போட்டேன்.

கடைசியாக, உன் மணல் விஷயம். தேரிக்காட்டில் ஒரு பெண் நடக்கிற காட்சிக்கு பெசன்ட் நகர் கடற்கரை மணலில் நடந்து பார்த்தாய், சரியாக வரவில்லை என்று எழுதியிருந்தாய். வராது. கடல் மணல் நறநறக்கும். தேரி மணல் மாவு மாதிரி; காலை விழுங்கும், சத்தத்தையும் விழுங்கும், காலை எடுக்கும்போதுதான் லேசாய் ஒரு மூச்சு விடும். நேற்று குதிரைமொழிப் பக்கம் போய் அரைச் சாக்கு அள்ளிவந்தேன். முள்ளைப் பொறுக்கிவிட்டேன், பனஞ்சருகை அப்படியே விட்டிருக்கிறேன், அதுவும் சேர்ந்துதான் அந்தச் சத்தம். ஈரம் படாமல் வை. நாளைக்கு ராத்திரி ஆம்னி பஸ்ஸில் போட்டுவிடுகிறேன், காலையில் கிளாம்பாக்கத்தில் எடுத்துக்கொள்ளலாம். கனம் இருக்கும். பையனை அனுப்புவதாக இருந்தால் ஆட்டோவுக்குக் காசு கொடுத்து அனுப்பு.

சாக்குக்குள் ஓலைப்பெட்டியில் இரண்டு கருப்பட்டி வைத்திருக்கிறாள் உன் பெரியம்மா. ஒன்று அவனுக்கு.

அன்புள்ள,
பெரியப்பா